சற்று நேரமாகும்

எங்கள் தெருமுனையிலே ஒரு மளிகைக் கடை இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல், அலுவலகத்திலிருந்து திரும்புகிறவர்களும், அடுப்பில் குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டுப் பெருங்காயத்துக்கு ஓடி வருகிறவர்களும், பால் பாக்கெட்டுக்கு அனுப்பப்பட்ட சிறுவர்களுமாகக் கடை வாசலில் கூட்டம் நெரிகிற வேளையில், கையிலே ஒரு மஞ்சள் பையுடன் இருபத்து மூன்று வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் வந்து நிற்பார். சற்றே குட்டையான, பருத்த தேகம். ஓரங்களில் மேல்நோக்கிச் சாய்ந்த கண்கள். அந்தக் கண்களின்மேல் தடித்த மூக்குக் கண்ணாடி. தமது முறை வந்ததும் அவர் உடனே பேசிவிடமாட்டார். முதலில் பையைக் கீழே வைப்பார். சட்டைப்பையிலிருந்து நோட்டுகளை எடுத்து, மிட்டாய் ஜாடியின் மூடிமேல் ஒவ்வொன்றாகப் பரப்புவார். பிறகு, "துவரம் பருப்பு... அரைக் கிலோ" என்பார். அதற்குப் பிறகு ஒரு நீண்ட மௌனம். கடைக்கார அண்ணாச்சி அந்த மௌனத்தின் நடுவே வேறு யாருக்கும் சாமான் கட்டமாட்டார். "அப்புறம் தம்பி?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பின்னால் நிற்கும் கனவான் பொறுமையிழந்து, "வெல்லம்தானே வேணும்?" என்று எடுத்துக் கொடுக்க முற்பட்டால், "நீங்க இருங்க சார், தம்பியே சொல்லுவாப்ல" என்று கையமர்த்திவிடுவார். ஒருநாள் கடிகாரத்தைப் பார்த்தேன். வியாபாரம் முழுவதும் முடிய நான்கு நிமிஷம் ஆயிற்று.

அந்த இளைஞருக்கு இருப்பது டவுன் சிண்ட்ரோம். இந்தப் பெயரைக் கேட்டதும் நம்மவர்கள் இரண்டு விதமாக மயங்குவதுண்டு. டவுன் பஸ்ஸிலே இருக்கிற டவுன்தானோ என்று நினைப்பவர் சிலர். கீழே என்று அர்த்தமாகும் ஆங்கிலச் சொல்லாக்கும், புத்தி கீழிறங்கிப் போனதை வைத்தியர்கள் இவ்வளவு நாசூக்காகச் சொல்கிறார்கள் என்று நினைப்பவர் பலர். இரண்டும் இல்லை; அது ஒரு வைத்தியரின் பெயர். 1828இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்த ஜான் லாங்டன் டவுன், சர்ரே ஜில்லாவிலிருந்த ஏர்ல்ஸ்வுட் காப்பகத்தில் பத்து வருஷ காலம் தலைமை வைத்தியராக இருந்தவர். அங்கே அடைக்கலமாகியிருந்தவர்களுள் ஒரு சாரார், தங்கள் சொந்த உடன்பிறந்தாரைக் காட்டிலும் ஒருவரையொருவர் ஒத்திருப்பதைக் கண்டு, அவர்களுடைய முகலக்ஷணத்தையும் ஸ்வபாவத்தையும் 1866இல் ஒரு கட்டுரையில் விவரித்தார். கண்ட காட்சி உண்மை. அதற்கு அவர் கற்பித்த காரணந்தான் விபரீதமாய்ப் போயிற்று. மனித ஜாதிகளை மேல் கீழ் என்று படிகட்டி அடுக்குவது அக்காலத்து ஐரோப்பியப் படிப்பாளிகளின் வியாதியாக இருந்தபடியால், ஐரோப்பியப் பெற்றோருக்குப் பிறந்த இக்குழந்தைகள் மங்கோலிய ஜாதியின் சாயலுக்கு இறங்கிவிட்டார்கள் என்று அவர் எழுதினார். ஏறத்தாழ நூறு வருஷ காலம் வைத்திய நூல்களிலேயே இவர்களுக்கு 'மங்கோலியர்' என்று பெயர்.

டவுன் கெட்ட மனிதர் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1868இல் தாமே நிறுவிய நார்மன்ஸ்ஃபீல்ட் இல்லத்தில், அங்கிருந்தவர்களுக்காக 1879இல் ஓர் அழகிய நாடக அரங்கம் கட்டினார். அந்த அரங்கம் இன்றும் நிற்கிறது. அவர் காலமாகி ஒன்பது வருஷத்துக்குப் பின், 1905இல், அவருடைய சொந்தப் பேரன் ஒருவரே இந்த லக்ஷணங்களோடு பிறந்தார். விதி சில சமயங்களில் கதாசிரியர்கள் துணியாத திருப்பங்களைச் செய்துவிடுகிறது. 1961இல் விஞ்ஞானிகள் பலர் கூடி, இந்த ஜாதிப் பெயரை ஒழிக்க வேண்டுமென்று 'லான்செட்' வைத்தியப் பத்திரிகைக்கு எழுதினார்கள். 1965இல் மங்கோலிய நாட்டின் ஆட்சேபத்துக்கு இணங்கி உலக சுகாதார ஸ்தாபனமும் அந்தச் சொல்லைக் கைவிட்டது. மங்கோலியருக்கு நியாயம் கிடைத்தது. டவுனுக்கு அழியாத பெயர் கிடைத்தது.

நம் மொழியும் இந்த விஷயத்தில் சுத்தமானதன்று. மந்தபுத்தி என்றோம், அசடு என்றோம், மனவளர்ச்சி குன்றியோர் என்று அரசாங்கப் பலகைகளிலேயே எழுதி வைத்தோம். 2010இல் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் தமிழ்நாட்டில் அதிகாரபூர்வமாக வழக்குக்கு வந்தது. சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாம் மாறாதுதான். ஆனால் தமிழிலே சொல்லைவிட நுட்பமான ஒரு தராசு இருக்கிறது. அது 'அவன்', 'அவர்' என்கிற விகுதி வேற்றுமை. முப்பது வயது நிரம்பி மீசை நரைக்கத் தொடங்கிய ஒருவரைத் தெருவிலே எல்லாரும் 'அவன்' என்றும், நாற்பது வயதுப் பெண்மணியை 'பாப்பா' என்றும் கூசாமல் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அன்பினால்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்த அன்பு அவர்களை வயதுக்கு வரவிடுவதில்லை.

இனி, காரணத்துக்கு வருவோம். நம் உடம்பின் ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவிலும் இருபத்து மூன்று ஜோடிக் குரோமோசோம்கள், ஆக நாற்பத்தாறு இருக்கின்றன. ஜோடி ஒவ்வொன்றிலும் ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஜோடிகள் பிரிந்து, ஒவ்வொன்றிலும் இருபத்து மூன்றே தங்க வேண்டும். அப்படிப் பிரிகிற சமயத்தில் இருபத்தோராவது ஜோடி மட்டும் பிரியாமல் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால், பிறக்கும் குழந்தையின் அணுக்களில் அந்த இடத்தில் இரண்டுக்குப் பதில் மூன்று நிற்கும். மொத்தம் நாற்பத்தேழு ஆகிவிடும். ஒன்று குறைந்ததனால் வந்த வினையன்று. ஒன்று கூடியதனால் வந்த வினை. உலகெங்கும், எல்லா ஜாதியிலும், செல்வரிடத்தும் ஏழையிடத்தும், ஏறத்தாழ ஆயிரம் பிரசவங்களுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இது நேர்கிறது. இதை முதன்முதலில் கண்டது 1958இல் பாரிஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில். மார்த் கோத்தியே என்ற இளம் வைத்தியப் பெண்மணி, போதிய பண வசதியில்லாத ஆய்வுக்கூடத்தில், அணுக்களை வளர்ப்பதற்கு வேண்டிய திரவத்துக்காக ஒரு சேவலை விலைக்கு வாங்கி வளர்த்தும், தம் சொந்த ரத்தத்தையே எடுத்துப் பயன்படுத்தியும், அந்த நாற்பத்தேழாவது குரோமோசோமைக் கண்ணாடிச் சில்லில் பிடித்தார். போட்டோ எடுப்பதற்காக அச்சில்லுகளை வாங்கிச் சென்ற சகா ழெரோம் லெழேன், 1959 ஜனவரியில் வெளியான அறிக்கையில் முதல் ஆசிரியரானார். கோத்தியேயின் பெயரோ இரண்டாவதாக, அதுவும் எழுத்துப் பிழையோடு அச்சாயிற்று. ஐம்பத்தைந்து வருஷங்கழித்து, 2014இல், பிரெஞ்சு வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அவருடைய பங்கை எடுத்துச் சொல்லியது. காத்திருக்கும்படி விதிக்கப்பட்டவர்களின் சரித்திரத்தில் அந்த அம்மையாருக்கும் ஓர் இடமுண்டு.

இந்த விஞ்ஞானத்தை நான் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மளிகைக் கடைக்கு வரும் அந்த இளைஞரின் தாயார் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "பிரசவமான ஆஸ்பத்திரியிலே என்கிட்டே ஒண்ணும் சொல்லலை அண்ணா. அவரை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னாங்க. அன்னிக்கு எங்களைப் பார்க்க வந்தவங்க யாருக்கும் சர்க்கரைகூடக் கொடுக்கலை." குழந்தை பிறந்த வீட்டில் வந்தவர் கையில் ஒரு சிட்டிகை சர்க்கரை வைப்பது எவ்வளவு சின்னக் காரியம்! அது நின்றுபோனதை இருபத்து மூன்று வருஷமாகியும் அவரால் மறக்க முடியவில்லை. அதற்கு அடுத்த வாரமே விசாரணை தொடங்கிவிட்டதாம். கிரகணத்தன்று வெளியே வந்தாயா? மாத்திரை ஏதாவது தின்றாயா? மாமன் மகனைக் கட்டிக்கொண்டதனால் வந்ததா? யாருடைய சாபம்? இவற்றுள் ஒன்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாயின் வயது ஏற ஏறச் சாத்தியக்கூறு அதிகமாகிறது என்பது உண்மை. இருபத்தைந்து வயதில் ஆயிரத்துச் சொச்சத்தில் ஒன்றாக இருப்பது, முப்பத்தைந்தில் ஏறக்குறைய முந்நூற்றைம்பதில் ஒன்றாகவும், நாற்பதில் நூற்றில் ஒன்றாகவும் ஆகிறது. ஆயினும் பிள்ளை பெறுகிறவர்களில் பெரும்பாலோர் இளவயதினர் ஆகையால், இக்குழந்தைகளின் தாய்மாரிலும் இளவயதினரே அதிகம். நூற்றுக்கு மூன்று நான்கு பேரிடத்தில் மட்டும், கூடுதல் குரோமோசோம் வேறொன்றோடு ஒட்டிய வடிவில் வருகிறது; அது பெற்றோரிடமிருந்து இறங்கியதாக இருக்கலாம் என்பதால், அடுத்த குழந்தைக்கு முன் பெற்றோரின் ரத்தத்தையும் சோதித்துக்கொள்வது விவேகம். மற்றபடி இதிலே குற்றவாளி என்று ஒருவரும் இல்லை.

அந்தக் கூடுதல் குரோமோசோம் செய்வதென்ன? குழந்தையின் தசைகள் தளர்ந்திருக்கும். ஆகையால் பால் குடிப்பதும், கழுத்து நிற்பதும், நடப்பதும் தாமதமாகும். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருதயத்தில் பிறவிக் குறை இருக்கும். காது மந்தம், கண்பார்வைக் கோளாறு, தைராய்டுக் குறைவு, கழுத்தெலும்பின் மேற்பூட்டில் தளர்ச்சி ஆகியவை அடிக்கடி காணப்படும். நாற்பது வயதுக்குமேல் ஞாபகமறதி நோய் மற்றவரைவிட முன்னதாகவே வரக்கூடும். அந்நோயோடு சம்பந்தப்பட்ட புரதத்துக்குரிய மரபணு இதே இருபத்தோராவது குரோமோசோமில்தான் அமைந்திருக்கிறது. புத்தி வளர்ச்சியிலும் தாமதமுண்டு. ஆனால் அந்தத் தாமதத்தின் அமைப்பை நம்மில் பலரும் தப்பாகவே அறிந்திருக்கிறோம். இவர்களுக்குப் புரிவது அதிகம். சொல்ல வருவது குறைவு. காதால் கேட்டதைவிடக் கண்ணால் கண்டது மனத்தில் நிற்கும். அதனால்தான் படமும் சைகையும் எழுத்தும் காட்டிக் கற்பித்தால் பேச்சு கூடத் தெளிகிறது. கேள்வி உள்ளே போய், அர்த்தமாகி, விடையாக உருக்கொண்டு, தளர்ந்த நாக்கின் வழியே வெளியே வருவதற்குச் சில விநாடிகள் கூடுதலாகப் பிடிக்கின்றன. அந்தச் சில விநாடிகளுக்குள்ளே நாம் கேள்வியைத் திருப்பிக் கேட்கிறோம், அல்லது பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுவிடுகிறோம். பதில் வரவில்லை, ஆகவே புத்தியில்லை என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்.

சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்தில் இவர்கள் பத்து, பன்னிரண்டு வயதைத் தாண்டுவதே அபூர்வமாக இருந்தது. அமெரிக்காவில் 1983இல்கூட இவர்களுடைய ஆயுள் சுமார் இருபத்தைந்து வருஷந்தான்; இன்று அது அறுபது. இந்த இடைக்காலத்தில் குரோமோசோம் மாறிவிடவில்லை. மாறியது வைத்தியர்களின் மனம். இருதயத்தில் ஓட்டை இருந்தாலும், "இந்தக் குழந்தைக்கு எதற்கு அறுவைச் சிகிச்சை?" என்று கைவிடுவது முன்பு சாதாரணம். 1982இல் அமெரிக்காவின் இண்டியானா மாகாணத்தில், உணவுக்குழாய் அடைப்போடு பிறந்த ஒரு டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்குச் சிகிச்சை வேண்டாமென்று பெற்றோர் தீர்மானிக்க, நீதிமன்றமும் அதைத் தடுக்காமல் விட, குழந்தை சில நாட்களில் இறந்தது. நாடே கொதித்தெழுந்து, 1984இல் சட்டம் வந்தது. விடுதிகளில் அடைப்பதை நிறுத்தி வீட்டில் வளர்க்கத் தொடங்கியதும், இருதயச் சிகிச்சையை மறுக்காமல் செய்யத் தொடங்கியதும் சேர்ந்து முப்பத்தைந்து வருஷ ஆயுளைக் கொடுத்திருக்கின்றன.

வீட்டில் வளர்ப்பது என்றதும் எனக்குப் பிரான்ஸ் தேசத்துத் தளபதியும் பிற்பாடு ஜனாதிபதியுமான ஷார்ல் டி கால் நினைவுக்கு வருகிறார். அவருடைய மூன்றாவது குழந்தை ஆன், 1928இல் இந்த நிலையோடு பிறந்தபோது, அவருடைய வர்க்கத்தார் வழக்கப்படி ஒரு மடத்தில் விட்டு மறந்துவிடுவது எளிதாக இருந்திருக்கும். பிறரிடம் விறைப்பும் கண்டிப்புமாக இருந்த அந்தத் தளபதி, மகளை ஒருபோதும் பிரியவிடவில்லை. யுத்த காலத்தில் குடும்பம் இங்கிலாந்துக்குத் தப்பியபோதும் அவளும் உடன் சென்றாள். 1948இல் இருபது வயதில் அவள் நிமோனியாவால் இறந்தாள். அவளுடைய பெயரால் தம்பதிகள் ஏற்படுத்திய இல்லத்துக்கு, டி கால் தம் புத்தக வருமானத்தைக் கொடுத்து வந்தார். 1970இல் அவர் காலமானபோது, ஜனாதிபதிகளுக்குரிய மகத்தான சமாதி எதுவும் வேண்டாமென்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தபடி, கிராமத்து மயானத்தில் மகளுக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

ஆனால் நான் அதிகமாக நினைப்பது வேறொருவரை. ஜூடித் ஸ்காட் என்ற அந்தப் பெண்மணி 1943இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணத்தில் இரட்டைக் குழந்தைகளுள் ஒருத்தியாகப் பிறந்தார். கூடப் பிறந்த ஜாய்ஸுக்கு ஒன்றும் இல்லை. ஜூடித்துக்கு டவுன் சிண்ட்ரோம். ஏழு வயது வரை இருவரும் ஒரே படுக்கையில் தூங்கி, ஒரே மண்ணில் விளையாடி வளர்ந்தார்கள். ஒருநாள் காலை ஜாய்ஸ் கண் விழித்தபோது பக்கத்தில் படுக்கை காலியாக இருந்தது. பள்ளிக்கூடப் பரீக்ஷையில் ஜூடித் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை, ஆகவே கற்பிக்கத் தகுதியற்றவள் என்று முடிவு கட்டி, மாகாண விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே முப்பத்தைந்து வருஷம். அவர் பரீக்ஷையில் பதில் சொல்லாததற்குக் காரணம் பல ஆண்டுகளுக்குப் பின்தான் தெரிந்தது: அவருக்குக் காது கேட்காது. சைசவத்தில் வந்த ஒரு ஜுரத்தில் செவிப்புலன் போயிருந்தது. கேள்வி கேட்டவர்களில் ஒருவர்கூட, கேள்வி காதில் விழுந்ததா என்று பார்க்கவில்லை.

1986இல் ஜாய்ஸ் சட்டப்படி காப்பாளராகித் தம் சகோதரியைக் கலிஃபோர்னியாவுக்கு அழைத்து வந்தார். மறு வருஷம், ஓக்லண்ட் நகரில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று நடக்கும் கிரியேட்டிவ் குரோத் என்ற சித்திரசாலையில் சேர்த்தார். அங்கே ஏறக்குறைய இரண்டு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. காகிதத்தையும் வர்ணத்தையும் முன்னே வைப்பார்கள், ஜூடித் ஏதோ வட்டங்களைக் கிறுக்குவார், சிரத்தையில்லாமல் வைத்துவிடுவார். அந்த இரண்டு வருஷமும் அவரை அங்கிருந்து யாரும் அனுப்பிவிடவில்லை என்பதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். பிறகு ஒருநாள், நூல்வேலை கற்பிக்க வந்த ஒரு கலைஞரின் வகுப்பில் அவர் உட்கார்ந்தார். கற்பித்ததை அவர் செய்யவில்லை. சில குச்சிகளைச் சேர்த்துக்கொண்டு, அவற்றின்மேல் வர்ண நூலைச் சுற்றத் தொடங்கினார். பூக்கட்டுகிறவள் கை நாரைப் பார்க்காமலே முடிச்சிடுவதைப் போல, இழுத்து, கோத்து, முடிந்து, மறுபடி சுற்றி, வாரக்கணக்காக, சில சமயம் மாதக்கணக்காக ஒரே உருவத்தின்மேல் வேலை செய்வார். உள்ளே குடை இருக்கும், நாற்காலி இருக்கும், எங்கிருந்தோ எடுத்து வந்த சாமான் இருக்கும். வெளியே தெரிவது கூட்டுப்புழுவைப் போன்ற, மனித உருவைப் போன்ற, பெயரில்லாத ஏதோ ஒன்று. நூல் கிடைக்காத சமயம் கை துடைக்கும் காகிதங்களையே முறுக்கி முடிந்து ஒரு சிற்பம் செய்தார். முடிந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியதும் அதைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவார். முதலில் செய்த சிற்பங்களில் ஒன்று, பக்கத்துப் பக்கத்தில் கட்டப்பட்ட இரண்டு உருவங்களாக இரட்டையரைப் போல அமைந்திருக்கிறது என்கிறார்கள். 2005இல், அறுபத்தோராவது வயதில் அவர் காலமானபோது ஏறக்குறைய இருநூறு சிற்பங்கள் மிஞ்சியிருந்தன. நியூயார்க் கலைக்கூடங்கள் அவற்றை வைத்திருக்கின்றன. இந்தக் கைகள் முப்பத்தைந்து வருஷம் ஒரு விடுதியில் சும்மா இருந்தன.

இப்படிச் சொன்னதும், எல்லாரும் ஜூடித் ஆகமுடியுமா என்ற கேள்வி வரும். ஆகமுடியாது, ஆகவேண்டிய அவசியமும் இல்லை. ஸ்பெயின் தேசத்துப் பாப்லோ பினேடா சர்வகலாசாலைப் பட்டம் பெற்றார், சினிமாவில் நடித்து 2009இல் சான் செபாஸ்டியன் திரைப்பட விழாவில் பரிசும் வாங்கினார் என்பது சந்தோஷமான செய்திதான். ஆனால் பட்டமும் பரிசும் வாங்குகிறவர்களைக் காட்டித்தான் இவர்களுக்கு மரியாதை தேட வேண்டுமென்றால், நம்மில் எத்தனை பேருக்கு மரியாதை மிஞ்சும்? இதற்கு நேர்மாறான ஒரு தப்பும் நம்மிடையே இருக்கிறது. 'தெய்வக் குழந்தை', 'கள்ளங்கபடமே தெரியாது', 'எப்போதும் சிரித்த முகம்' என்றெல்லாம் புகழ்கிறோம். மளிகைக் கடை இளைஞருக்குக் கோபம் வருவதை நான் பார்த்திருக்கிறேன். மீதிச் சில்லறை இரண்டு ரூபாய் குறைந்ததற்காக அண்ணாச்சியிடமே முறைத்துக்கொண்டு நின்றார். கணக்கு அவருடையதுதான் சரி. அக்காள் கல்யாணமாகிப் புக்ககம் போன மாதத்தில் அவர் சாப்பிடாமல் கிடந்ததாகத் தாயார் சொன்னார். துக்கமும் கோபமும் இல்லாத மனிதர் இல்லை. இல்லையென்று சொல்வது அவர்களைக் கோயில் சிலையாக்கி வெளியே நிறுத்துவதேயாகும்.

சட்டத்தில் நம் தேசம் பின்தங்கவில்லை. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அறிவுசார் குறைபாடு அவற்றுள் ஒன்று. நாற்பது சதவிகிதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற குழந்தைக்கு ஆறு வயது முதல் பதினெட்டு வரை இலவசக் கல்விக்கு உரிமை உண்டு. அது பக்கத்துப் பள்ளிக்கூடமாகவும் இருக்கலாம், சிறப்புப் பள்ளியாகவும் இருக்கலாம், விருப்பம் குழந்தையுடையது. சர்க்கார் வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்குரிய நான்கு சதவிகிதத்தில் ஒரு சதவிகிதம், அறிவுசார் குறைபாடும் அதைச் சேர்ந்த சில வகைகளும் உள்ளவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2013இல் ஆரம்பித்த குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறந்தவுடன் கண்டறிய வேண்டியவற்றின் பட்டியலில் டவுன் சிண்ட்ரோமும் சேர்ந்திருக்கிறது. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளை ஒட்டி இதற்கென்று ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. உடற்பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் முதல் சில மாதங்களிலேயே தொடங்கினால் பலன் அதிகம். சென்னையிலே, இந்த நிலையோடு பிறந்த ஒரு பெண்ணின் தாயாரான சுரேகா ராமச்சந்திரன் நிறுவிய டவுன் சிண்ட்ரோம் சம்மேளனம், புதிதாகக் குழந்தை பெற்ற குடும்பங்களுக்கு வழிகாட்டி வருகிறது. முதல் வாரத்தில் இன்னொரு தாயைச் சந்திப்பது, பத்து வைத்தியர்களைச் சந்திப்பதைவிட மேலானது என்று அந்த இளைஞரின் தாயார் சொல்வார்.

பெற்றோரைத் தூங்கவிடாத கேள்வி வேறொன்று. "எங்களுக்குப் பிறகு?" என்பதே அது. பதினெட்டு வயது நிரம்பியதும், சட்டத்தின் கண்ணில் இவர்களும் மேஜர். தாய் தகப்பன் கையெழுத்து அவர்களுக்காகச் செல்லாமல் போகும். பாங்குக்குப் போய்த்தான் பலருக்கு இது தெரியவருகிறது. 1999ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், கலெக்டரைத் தலைவராகக் கொண்ட உள்ளூர்க் குழுவிடம் மனுப்போட்டுச் சட்டபூர்வக் காப்பாளரை நியமித்துக்கொள்ளலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஒரு லக்ஷ ரூபாய் வரை வைத்தியக் காப்பீடும் உண்டு. காப்பாளர் நியமனம் வசதியான ஏற்பாடுதான். என்றாலும், கையெழுத்துப் போடும் பொறுப்பு இன்னொருவரிடம் போன பிறகு, என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்கிற வழக்கம் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தச் சட்டையை உடுத்துவது, யாரோடு வசிப்பது, சம்பாதித்த பணத்தில் எதை வாங்குவது என்பவை கையெழுத்தைவிடப் பெரிய விஷயங்கள்.

சேர்ந்து படிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பள்ளிக்கூடத்தில், மற்றக் குழந்தைகளின் படிப்புக் கெடும் என்று பெற்றோர் சிலர் ஆட்சேபித்ததால், மேற்சொன்ன இளைஞர் மூன்றாம் வகுப்போடு நிற்க வேண்டியதாயிற்று. எனக்குத் தெரிந்து அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாணவர்களில் ஒருவர் இன்று இதே தெருவில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறார். அவர் மட்டுந்தான் இந்த இளைஞரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வண்டியைத் துடைக்கச் சொல்லி, வேலைக்குக் கூலியும் கொடுக்கிறார். மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்ததனால் வந்த பழக்கம் அது. அதை எந்த நோட்டீஸும் பிரசங்கமும் உண்டாக்கியிருக்க முடியாது.

மார்ச் மாதம் 21ஆம் தேதியை, இருபத்தோராவது குரோமோசோம் மூன்றாக இருப்பதன் அடையாளமாக, 2012 முதல் ஐக்கிய நாடுகள் சபை உலக டவுன் சிண்ட்ரோம் தினமாக அனுஷ்டித்து வருகிறது. அன்றைக்குக் கூட்டம் போடுவார்கள், பத்திரிகையில் எழுதுவார்கள், போடட்டும், எழுதட்டும். வாசகரிடம் நான் கேட்டுக்கொள்வது அவ்வளவு பெரியதன்று. கடையிலோ, பஸ்ஸிலோ, கல்யாண வீட்டிலோ இப்படி ஒருவரைச் சந்திக்க நேர்ந்தால், பக்கத்தில் நிற்கும் அம்மாவிடம், "உங்க பையன் பேர் என்ன?" என்று கேட்காதீர்கள். அவரிடமே, "உங்க பேர் என்ன?" என்று கேளுங்கள். பதில் வரச் சற்று நேரமாகும்.